எங்கள் வீட்டு முழங்கால்

கால்பந்து பூட்ஸைத் துடைக்கப் பழைய பனியன் துணியைப் போல வேறொன்று கிடையாது. பலர் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். தோல் கீறிப்போகும். ஈரத்தோடு துடைப்பதும் தவறு. மண் காய்ந்த பிறகு லேசாகத் தட்டினால் பாதி தானே உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு நனைத்துப் பிழிந்த துணி போதும். அதன் பிறகு அடியில் பிடிமானத்துக்கு இருக்கும் குமிழ்களை, அதாவது ஸ்டட்களை, ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி முடுக்க வேண்டும். ஒரு காலுக்கு ஆறு, இரண்டு காலுக்குப் பன்னிரண்டு. எங்கள் வீட்டில் இந்த வேலையை வேறு யாரும் செய்ததில்லை. செய்ய நான் விட்டதுமில்லை.

என் பேத்தியின் பூட்ஸைக் கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான் கால்பந்துச் சங்க விசாரணையில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. நான் என்று சொன்னேன். உங்கள் பக்கத்திலிருந்த எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேலை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும் என்றீர்கள். மன்னிக்க வேண்டும் அம்மா. ஒரு குடும்பத்தின் கௌரவத்தை ஒரு பக்கத்தில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். எல்லைக்கல்லை ஒரு விரற்கடை தள்ளி நடச் சொன்ன பெரிய மனிதர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன். அளவுப் பிழை என்று ஒரு புகார் என் மீது வந்ததில்லை. பொய் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட அலமாரியில் கோப்பைகளும் பதக்கங்களும் இருக்கும். எங்கள் அலமாரியில் ஓர் எக்ஸ்ரே இருக்கிறது. மரச்சட்டம் போட்டு, பின்னால் சிறிய பல்பு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் என் மகன் எழுந்து போய் சுவிட்சைப் போடுவான். முழங்கால் எலும்பு வெள்ளையாகத் தெரியும். வந்தவர்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பார்கள்.

பத்தொன்பது வயதில், நாட்டு அணியின் முகாமுக்கு ஆள் எடுத்த சமயத்தில், என் முழங்கால் போனது. அதன் பிறகு நான் ஆடவில்லை. ஐம்பத்திரண்டு வருடமாக ஊர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என்னைவிட ஊர் நன்றாகவே சொல்லும். என்னை எல்லோரும் முட்டி ஐயா என்று கூப்பிடுகிறார்கள். அதில் கேலி இல்லை. எங்கள் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க வருடா வருடம் என்னைத்தான் அழைப்பார்கள். இடது காலைச் சற்று இழுத்தபடி நான் மேடையேறும்போது செயலாளர் மைக்கைப் பிடித்து, "இவருக்கு மட்டும் அன்னிக்கு அந்த முட்டி போகாம இருந்திருந்தா…" என்று சொல்லி நிறுத்துவார். அந்த வாக்கியத்தை இதுவரை ஒருவரும் முடித்ததில்லை. முடிக்கத் தேவையுமில்லை. அரங்கத்தில் இருநூறு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுதான் எங்கள் குடும்பச் சொத்து.

இதன் மதிப்பு உங்களுக்குப் புரிய வேண்டுமானால் டயர்க்கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவரை நீங்கள் சாட்சியாகக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். என்னோடு ஒரே கழகத்தில் ஆடியவர். முகாமுக்குப் போனார், நாட்டுக்காகப் பதினோரு ஆட்டம் ஆடினார், ஒரு பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். அவ்வளவுதான். பதினோரு ஆட்டமும் மறந்துபோய்விட்டது. இன்றைக்கும் அவர் கடைக்குக் காற்றடிக்க வருகிற பொடியன்கள், "அண்ணே, அந்தப் பந்து இன்னும் கீழ வரலியா?" என்று கேட்கிறார்கள். அவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு, "வந்தா உன் மண்டைலதான் விழும், தள்ளி நில்லு" என்கிறார். மானம் என்ற ஒன்றை எங்கோ கழற்றி வைத்துவிட்ட மனிதர். நான் எந்தப் பந்தையும் எதற்கும் மேலே அடித்ததாக யாரும் சொல்ல முடியாது.

என் மகனுக்கு இருபது வயதில் கணுக்கால் போனது. அவனும் முகாமுக்குத் தயாராக இருந்தவன்தான். இப்போது வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருக்கிறான். பிரேக்கை மிதிக்கும்போது அவன் கணுக்கால் இன்றும் 'நறுக்' என்று சத்தம் போடும். பழக வருகிறவர்கள் வண்டியில் ஏதோ பழுது என்று பயந்துபோவார்கள். அவன் கால் போன பிறகு ஆண்டு விழாவில் இரண்டு பெருமூச்சு ஆனது. அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறை இப்படி அமைவது அபூர்வம் என்று செயலாளரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதாகப் பேத்தி. பதினெட்டு வயது. வலது ஓரத்தில் ஆடுகிறவள். ஒல்லியாக இருப்பாள், சட்டென்று பற்றிக்கொள்வாள் என்பதால் கூட ஆடுகிறவர்கள் தீக்குச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் நன்றாக ஆடினாள் என்பதை நான் மறுக்கவில்லை. அளக்கத் தெரிந்தவன் நான். எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை என்று நான் கண்ணால் அளந்து முடிப்பதற்குள் அவள் நுழைந்து போயிருப்பாள்.

கவலை அங்கேதான் தொடங்கியது.

சென்ற மாதம் ஒரு பயிற்சி ஆட்டத்தின்போது டயர்க்கடைக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டேய் முட்டி, பேத்தி முகாமுக்குள்ள போயிடுவாடா" என்றார்.

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கலாம்? பொண்ணு என்னமா ஓடுது பாரு. மேல போய் ஆடட்டும். அப்புறம் உன் ஆட்டம் எப்படி இருந்திருக்கும்னு யாரும் ஊகிக்கவே வேணாம். உன் ரத்தம்தானே? நேரா கண்ணாலயே பாத்துடலாம்."

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் தொடையில் ஒரு தட்டு வேறு தட்டினார். ஆனால் அன்று வீடு திரும்பியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். அவள் முகாமுக்குப் போகிறாள். அங்கே அவளைவிட நன்றாக ஆடுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். சில நாள் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஒரு நாள் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள், அதில் அவள் பெயர் இருக்காது. அதற்குப் பிறகு ஊர் என்ன பேசும்? 'ஓ, இவ்வளவுதானா' என்று பேசும். பேத்தியோடு நிறுத்துமா? மகனுக்குப் போகும். மகனிடமிருந்து எனக்கு வரும். ஐம்பத்திரண்டு வருடமாக யாரும் முடிக்காத அந்த வாக்கியத்தை யாராவது ஒரு பொடியன் முடித்துவிடுவான்.

காயம் பட்டு நின்றவளுக்கு இந்த ஆபத்தே கிடையாது. அவளைப் பட்டியலிலிருந்து யாரும் தூக்க முடியாது. அவளுக்கு வயதாகாது, வேகம் குறையாது, பெனால்டி தவறாது. மழை வருவதற்கு முன் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுகிறோம் இல்லையா? நான் செய்தது அதுதான். பட்டியல் திங்கட்கிழமை. கடைசித் தேர்வு ஆட்டம் சனிக்கிழமை. எடுப்பதாக இருந்தால் சனிக்கிழமைதான் எடுக்க வேண்டும்.

உங்கள் குறிப்பில் 'மறைவாக' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். காலை ஏழு மணிக்கு, சாப்பாட்டு மேசையில், செய்தித்தாளை விரித்து, எல்லோர் கண் முன்னாலும்தான் செய்தேன். மகன் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மருமகள் பள்ளியில் இயற்பியல் டீச்சர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேத்தி தரையில் கால்களை நீட்டி உடம்பை வளைத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இன்னிக்கு நல்லா முடுக்கிடுங்க, போன வாட்டி ஒண்ணு ஆடுச்சு" என்றாள். "இன்னிக்கு ஆடாதும்மா" என்றேன்.

அவள் வழக்கமாகப் போடுவது பதினொரு மில்லிமீட்டர் ஸ்டட். சேறான மைதானத்துக்கென்று பதினைந்து மில்லிமீட்டரில் ஒரு டப்பா தனியாக இருந்தது. வலது பூட்ஸின் வெளிப்பக்கத்து மூன்றை மட்டும் அந்த டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். முதல் நாள் மாலையே மைதானத்துக்குப் போய்க் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்திருந்தேன். தண்ணீர் விட்டிருந்தார்கள். மேலே இளக்கம், அடியில் இறுக்கம். நீளமான ஸ்டட் உள்ளே இறங்கும். இறங்கினால் லேசில் வராது. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நில அளவையில் அதைப் பிழை என்றே எழுத மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முன் ஓடிப் பழகும்போது அவள் வேலி ஓரமாக என்னிடம் வந்தாள்.

"தாத்தா, வலது கால் என்னமோ பிடிச்சு இழுக்குது."

"புது ஸ்டட்மா. பத்து நிமிஷத்துல பழகிடும்."

"சரி தாத்தா" என்று ஓடிவிட்டாள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வளர்ப்பு அப்படி.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் பந்தை வெளிப்பக்கம் தட்டுவது போலக் காட்டி உள்ளே திரும்பினாள். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. சத்தம் எதிர்ப்பக்கத்து இருக்கைகள் வரை கேட்டது என்கிறார்கள். எனக்கு இந்த வயதில் காது கொஞ்சம் மந்தம்.

முதலில் அவளிடம் போய்ச் சேர்ந்தவன் நான்தான். புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள், கத்தக் கூடாது என்று. நான் என் கைக்குட்டையை எடுத்து அவள் முழங்காலைச் சுற்றிக் கட்டினேன். பயிற்சியாளர் ஓடிவந்து, "ஐயா, கட்டக் கூடாது, விடுங்க, கைய எடுங்க" என்று கத்தினார். ஏன் கட்டினேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. கை தானாகப் போய்விட்டது.

மருத்துவமனையில் இரண்டாம் நாள், நடைகூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பழம் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் அறை எண்ணைத் தேடிக்கொண்டே பேசிக்கொண்டு போனார்கள். "தீக்குச்சிக்கு மட்டும் இந்த முட்டி போகாம இருந்திருந்தா…" என்றார் ஒருவர். மற்றவர் பெருமூச்சு விட்டார். மூன்றாம் தலைமுறையும் கரை சேர்ந்துவிட்டது. அன்று மாலையே தச்சரைக் கூப்பிட்டு இன்னொரு சட்டத்துக்குச் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் எக்ஸ்ரே எடுப்பதில்லை, ஸ்கேன்தான் எடுக்கிறார்கள். அந்தப் படம் அகலம் கூட. அலமாரியின் நடுத்தட்டை இரண்டு அங்குலம் இறக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இறக்குங்கள் என்றேன்.

ஆனால் இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காக முடிய விடுவதில்லை. திங்கட்கிழமை பட்டியல் வந்தது. அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. நீங்களும் அதை என் முன்னால் எடுத்து வைத்தீர்கள். பார்த்தேன். அடிபட்ட பெண் என்று இரக்கப்பட்டுச் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். பட்டியல் வெள்ளிக்கிழமையே தட்டச்சாகிவிட்டது என்று தேதியைக் காட்டினீர்கள். தேதி போடுகிறவர்களும் மனிதர்கள்தானே.

அதைவிட மோசம், மருத்துவர் வந்து பத்து மாதம் என்றார். உள்ளே அறுந்த தசைநாரை எடுத்துக் கட்டிவிட்டோம், ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பத்து மாதத்தில் ஓடலாம் என்றார். என் காலத்தில் மருத்துவர்கள் இப்படி வாக்குக் கொடுப்பதில்லை. முகாமிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இடம் காத்திருக்கும் என்று வேறு சொன்னார்கள்.

"பத்து மாசம்தான் தாத்தா" என்றாள் பேத்தி. முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். "விரல் விட்டு எண்ணிடலாம்."

நான் பேச்சை மாற்ற நினைத்து, "பூட்ஸக் குடும்மா, துடைச்சு வைக்கிறேன்" என்றேன்.

"இருக்கட்டும் தாத்தா. மண்ணோடயே இருக்கட்டும்."

"தோல் கெட்டுப்போகும்."

"எல்லாம் கெட்டாச்சு. இன்னும் என்ன கெடப்போகுது?" என்றாள். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வலது கால் பிடித்து இழுத்தது என்பதை அவள் மறக்கவில்லை. பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் பள்ளி ஆய்வகத்திலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தாள். பூட்ஸைச் சாப்பாட்டு மேசையில், நான் விரித்த அதே மாதிரி செய்தித்தாள் விரித்து வைத்து, ஒவ்வொரு ஸ்டட்டாக அளந்தாள். வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்தாள். "பதினொண்ணு. பதினொண்ணு. பதினொண்ணு. பதினஞ்சு." அங்கே நிறுத்தி மறுபடி அளந்தாள். "பதினஞ்சு. பதினஞ்சு. பதினஞ்சு." அவள் அளந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நான் அப்போதே சொல்லவும் செய்தேன்.

"மாமா, இந்த மூணு மட்டும் எப்படி?"

"நான்தான் மாட்டினேன்."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, ஒரு குழந்தையிடம் கேட்பது போல, "கண்ணு தெரியாம மாட்டிட்டீங்களா மாமா? டப்பா மாறிப் போச்சா?" என்று கேட்டாள்.

அது ஒரு வாசல். அவள் திறந்து வைத்திருந்தாள். மகன் என்னைப் பார்த்தான். ஊன்றுகோலோடு அறை வாசலில் நின்ற பேத்தியும் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்த வாக்குமூலம் எழுத வேண்டியிருந்திருக்காது. மூன்று பேரும் அந்தச் சொல்லுக்காக எவ்வளவு ஆசையோடு நின்றார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் ஓர் அளவுப் பிழை செய்யாதவன் நான். பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் தெரியாத கிழவன் என்று என் வீட்டிலேயே பெயர் எடுக்க வேண்டுமா?

"எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத் தெரியும்மா. தெரிஞ்சுதான் மாட்டினேன்" என்றேன்.

மருமகள் பூட்ஸைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள். "நான் சங்கத்துல குடுத்துட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோவது எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை. இருக்கிற எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு அது. நான் அவளைத் தடுக்கப் போனேன். எங்கள் வீடு லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். தெருமுனை வரை ஓடினேன். அவள் ஏறிய பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி நிமிர்ந்து பார்த்தபோது மேலே பால்கனியில் மகனும் பேத்தியும் நின்றிருந்தார்கள். பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். அவர் பதினெட்டு வருடமாக எனக்காகப் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டவர்.

"அப்பா, தாத்தா ஓடறாரு" என்று பேத்தி சொன்னது கீழே வரை கேட்டது. காது மந்தம் என்று எழுதினேன். அது மட்டும் கேட்டது.

நான் நிதானமாக, காலை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வாசலை நெருங்கும்போது மேலிருந்து அவள் மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. ஆட்டத்தில் தவறான இடத்தில் நிற்கிறவளுக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"தாத்தா, அது வலது கால். உங்களுக்கு இடது."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அன்று மாலை மகன் என் அறைக்கு வந்தான். விளக்கைப் போடாமல் நின்றான். "அப்பா, என் கணுக்கால்?" என்று மட்டும் கேட்டான். "சாப்பிட்டுட்டுப் பேசலாம்பா" என்றேன். அவன் சாப்பிடவில்லை. ஆகவே பேசவும் இல்லை.

நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் விசாரணை ஒரு பூட்ஸைப் பற்றியது. இருந்தாலும் பாதி அளந்த நிலத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு அவன் பூட்ஸின் உள்பக்க ஸ்டட் இரண்டை அரத்தால் தேய்த்தேன். அவனிடம் இருந்த பூட்ஸில் ஸ்டட்டை இப்படி மாற்றி மாற்றிப் போடும் வசதி இல்லை, தேய்க்கத்தான் வேண்டும். அரை மணி நேரம் ஆனது. அவன் பெயரும் பட்டியலில் இருந்தது என்று அந்தக் காலத்துப் பயிற்சியாளர் பிற்பாடு ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னார். நான் அதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவான்.

இனி டயர்க்கடைக்காரர் சாட்சி சொன்னதைப் பற்றி. நீங்கள் என்னை வைத்துக்கொண்டே அவரைக் கேட்டீர்கள்: "இவருக்கு முட்டி போனப்போ நீங்க கூட இருந்தீங்களா சார்?" அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடமே பேசினார்.

"முட்டி, மன்னிச்சுக்கடா. பட்டியல் ஒட்டின அன்னிக்கு நான் எதிர்ப்பக்கம் சைக்கிள்ல காலூனி நின்னுட்டிருந்தேன். உங்கப்பா உனக்குக் கட்டுப் போட்டத பாத்தேன். உனக்கு ஒண்ணும் ஆகல. ஓடி வந்துதான் பட்டியலப் பாத்த. போகும்போது நொண்டிட்டுப் போன."

"இத ஏன் இவ்வளவு வருஷமா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டீர்கள்.

"பாவமா இருந்துச்சும்மா" என்றார். "சின்னப் பையன். மெதுவா அவனே விட்டுடுவான்னு நினைச்சேன். விடவே இல்ல. அப்புறம் எனக்கே பழகிப் போச்சு."

நீங்கள் உங்கள் வலது கையின் கோணலான இரண்டு விரல்களைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கோல்கீப்பராக இருந்தபோது உடைந்தவை என்றும், அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் ஆடினீர்கள் என்றும் எழுத்தர் சொன்னார். வருத்தமாக இருந்தது. சரியான நேரத்தில் யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

"ஏன் சார்?" என்று கடைசியாகக் கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

அன்று ஒட்டிய பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. மூன்று முறை படித்தேன். பெயர் தட்டச்சில் விடுபட்டிருக்குமோ என்று கீழே இருந்த வெற்றுக் காகிதத்தையும் படித்தேன். என் அப்பா பக்கத்தில் நின்றார். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீடு வீடாகப் போய், என் மகன் முகாமுக்குப் போகிறான் என்று சொல்லி வைத்திருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. தோளைத் தொடவும் இல்லை. "இப்ப எப்படிடா தெருவுக்குள்ள போறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாலையோரமாக என் முன்னால் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தலையை நிமிர்த்தி, "எந்தக் கால்?" என்று கேட்டார். ரொம்பவும் சாதாரணமாக, சட்டைக்கு அளவு கேட்பது போலக் கேட்டார். நான் இடது என்றேன். கட்டினார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "இழுத்து நட" என்றார்.

எக்ஸ்ரே, மருத்துவமனையில் வேலை பார்த்த அவருடைய நண்பர் கொடுத்தது. ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டருடையது. வாங்கிப் போக அவர் திரும்பி வரவில்லையாம்.

ஆகவே, முழுதாகவும் தெளிவாகவும் எழுதுகிறேன். என் மகனின் கணுக்காலையும் என் பேத்தியின் முழங்காலையும் கெடுத்தவன் நான். நன்கு யோசித்து, அளந்து, நல்ல வெளிச்சத்தில் செய்தேன். கையெழுத்திடுகிறேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்; பேத்தி இப்போது தன் பூட்ஸைத் தானே பூட்டி வைத்துக்கொள்கிறாள், அதுவும் சரிதான். வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. அலமாரிப் பல்பை மருமகள் கழற்றிவிட்டாள். தச்சர் செய்த புதுச் சட்டம் சுவரில் சாய்ந்து காலியாக நிற்கிறது. என்றாவது ஒரு நாள் அவர்கள் நிதானமாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். என் அப்பா எனக்குக் கொடுத்தது ஒரு கைக்குட்டையும் யாரோ ஒருவனுடைய எக்ஸ்ரேயும்தான். நான் என் பிள்ளைகளுக்குப் போலியாக எதையும் கொடுக்கவில்லை.